மாதா படம் ஒட்டிய சிடி

மகனே, என் மக்களே,

இன்று காலையில் உன் மகள் அந்த சிடித் தட்டைச் சுவரிலிருந்து கழற்றினாள். நீ போன நாளிலிருந்து அது ஆணியில்தான் தொங்கிக் கிடந்தது. கழற்றியதும் பழைய பசையின் வாடை லேசாக வந்தது. நீ அறைக்குள் வந்து நிற்பது போல இருந்தது எனக்கு.

அவள் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மணவாளக்குறிச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். அவளுடைய லேப்டாப்பில் தட்டுப் போட இடமே கிடையாதாம். அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். "அப்பா செஞ்சதுன்னு இது ஒண்ணுதானே இருக்கு அப்பம்மா. இந்தத் தடவ பாத்திருவோம்" என்றாள். நீ காய்ச்சலில் போனபோது அவள் தவழக்கூடத் தொடங்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் புத்தகங்கள் மேல் உனக்கு என்ன பைத்தியமோ. வேலை நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கிளாசில்; வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனாலும் மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாண்டு கடையில் போய் நிற்பாய். புத்தகத்தோடு இனாமாக வரும் தட்டை யாராவது உருவியிருப்பார்களோ என்று அட்டையை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவாய். "படிக்கவாடே வாங்குத, தடவவா?" என்று கடைக்காரர் கேட்டதை நீயே வந்து சொல்லிச் சிரித்தாய்.

ஒரு மாதம், நீ கிளாசில் செய்து அனுப்பிய கம்ப்யூட்டர் விளையாட்டையே அந்தத் தட்டில் சேர்த்திருந்தார்கள். புத்தகத்தில் பொடி எழுத்தில் உன் பெயர், இங்கிலீஷில். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீ விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மடித்து வைத்துக்கொண்டு, நான் மீன் விற்கிற தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அதுல என்ன மக்களே இருக்கு?"

"ஒரு வள்ளம் போவும் அம்மா. பாறையில முட்டாம கர சேக்கணும். கரையில ஒரு பொம்பள மீன் கடவப் பெட்டியோட நிப்பா. ஆருன்னு பாத்தா தெரியும்."

"என்னையா போட்டிருக்க? வெல கொறைக்க மாட்டேன்னும் எழுதிப் போட்டியா?"

"வந்து பாரு."

நம் வீட்டில் வலையோ சைக்கிளோ, புதிதாக எது வந்தாலும் கோயிலில் மந்திரித்து மாதா படம் ஒட்டித்தான் எடுப்போம். தட்டையும் கோயில் சாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தார். படம் ஒட்டும்போது நீ பக்கத்தில் நின்றாய். "மினுங்குத பக்கம் ஒட்டாத அம்மா, எல்லாம் அதுலதான் இருக்கு. எழுத்து போட்ட பக்கம் ஒட்டு" என்றாய். நீ சொன்ன பக்கம்தான் ஒட்டினேன்.

விளையாட்டைப் பார்க்க ஒரு நாள் கிளாசுக்கு வந்தேன். கரண்டு இல்லை. மத்தியானம் வரை இருந்துவிட்டு, நீ வாங்கித் தந்த சர்பத்தைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாய். அடுத்த மாதம் நீ இல்லை. பிறகு கிளாசையும் மூடிவிட்டார்கள்.

இன்று பெட்டி கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. உன் மகள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பசையும் உப்புக் காத்தும் சேந்து அரிச்சிருக்கு. எல்லாம் படம் ஒட்டின பக்கத்துலதான் அப்பம்மா இருக்கும். மினுங்குத பக்கம் வெறும் பிளாஸ்டிக்கு."

"ஒங்கப்பன்தானே அந்தப் பக்கம் ஒட்டச் சொன்னான்."

"அப்பாவுக்கே தெரியலியா?" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. உன் வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

படத்தை உரித்தால் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிடுமாம். உரிக்காவிட்டாலும் ஓடாது. அந்தப் புத்தகம் வருவது நின்று எவ்வளவோ காலம். பழைய புத்தகக் கடைகளிலும் கம்ப்யூட்டருக்குள்ளும் அவள் தேடி அலுத்தாயிற்று. கிளம்பி நின்ற படத்தின் ஓரத்தை நான் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய.

சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "அந்தப் பொம்பள என்ன கலர்ல சீல கெட்டியிருப்பா? வள்ளம் வந்தா கைய ஆட்டுவாளா?"

சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். ஆட்டுவாள் என்றும் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அது நீ செய்ததாக இருக்காதே.

"தெரியாது மக்களே" என்றேன்.

நீ என்னிடம் சொன்னது அவ்வளவுதான்: ஒரு வள்ளம், பாறை, கரையில் ஒரு பொம்பளை. அதை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.