கங்காதரனுக்கு மருந்து ஏறிய விதம்

எண் 6. 06-01-2025, திங்கட்கிழமை, காலை 6.10
பொருள்: என் தங்கை கணவன் கங்காதரனின் பிடிவாதம்

இன்றும் அவன் ஈறில் இரத்தம். பித்தநாளத்தில் கல் அடைத்துக் கண் மஞ்சளாகி இருபத்து மூன்று நாட்கள். கல்லை எடுக்கத் தேதி 20-01. அதுவரை இரத்தம் உறைய வைட்டமின் கே. மாத்திரை பயன்படாது, ஊசிதான் என்று டாக்டர் கலைவாணி தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இவனோ பழைய மாத்திரையையே விழுங்குகிறான்.

"திருக்கை மீன் முள் குத்தியவனுக்கு ஊசி பயமா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"திருக்கை இன்னா, கேட்டுக்கினா குத்துச்சு மச்சான்?" என்கிறான்.

பொன்னேரியில் முப்பத்தோராண்டு வேதியியல் கற்பித்தவன் நான். தங்கை ஜமுனாவை உட்கார வைத்து, நேற்று மாலை 5.40 முதல் 6.15 வரை விளக்கினேன். இது எண்ணெயில் கரையும் மருந்து, குடல்நீரில் கரையாது. பித்தத்திலுள்ள உப்புக்கு ஒரு முகம் நீரை நாடும், மறுமுகம் எண்ணெயை நாடும். பித்த உப்பு மட்டும் ஒன்றுகூடினால் உண்டாகும் உருண்டை மிகச் சிறிது, கொஞ்சம்தான் சுமக்கும். நீண்ட வாலுள்ள லெசிதின் என்ற கொழுப்பும் சேர்ந்தால் உருண்டை பெரிதாகும், மருந்து நடுவே பத்திரமாக அமரும், நீர் கூடினாலும் சட்டென்று கலையாது. அதுதான் கலப்பு மைசெல். இவன் குடலுக்குப் பித்தமே வரவில்லை. மாத்திரையைச் சுமக்க ஆளில்லை. அந்த ஊசியிலோ உருண்டைகளைச் செய்தே அடைத்திருக்கிறார்கள்.

தலையாட்டினாள். எங்கள் கோட்டைக்குப்பத்தில் தலையாட்டலுக்கு மட்டும் என்றுமே குறைவில்லை.

எண் 9. 09-01-2025, வியாழன், காலை 6.15

இன்னும் மாத்திரைதான். சுவரிடம் பேசியிருக்கலாம்.

எண் 12. 12-01-2025, ஞாயிறு, இரவு 8.00

காலை முதல் வாந்தி. நேற்று மாலையிலிருந்து சிறுநீரே இல்லை. சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லையாம். "வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று அங்கிருந்த டாக்டர் மூன்று முறை கேட்டார். ஜமுனா மூன்று முறையும் தரையைப் பார்த்து, "இல்ல மேடம்."

பொய். எனக்குத் தெரியாதா இவளை?

எண் 13. 13-01-2025, திங்கள், போகி, மதியம் 1.30

காலை 11.05-க்கு வாய் திறந்தாள். "அண்ணே, கெண்ட பித்து குடுத்தேன். பால்ல கலந்து. மூணு நாளு."

கத்தினேன். நடைபாதையே திரும்பிப் பார்த்தது. அறிவிருக்கா உனக்கு? அது விஷம்டீ!

"கத்தாத. நீதான சொன்ன, பித்தம் வர்ல, அதான் மாத்திர ஏறலன்னு? தெனம் மீன் கய்வி பித்த பிச்சி எறியறவ நான். எறியறத அந்த மனுசனுக்குக் குடுத்தா இன்னான்னு நெனச்சேன்."

கெண்டைப் பித்திலிருப்பது வேறு உப்பு, சிறுநீரகத்தைத் தாக்கும். எனக்குத் தெரியும். அதை எப்போது சொன்னேன்? அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் எந்த நிமிடத்தில்? — சொல்லவில்லை. மீன் கழுவுகிறவளிடம் பித்தத்தின் பெருமையைப் பேசிவிட்டு, இதைச் சொல்லவில்லை. வாத்தியாராம்! தூ.

"சொன்னா போலீஸ் வருமா அண்ணே?"

தெரியாது என்றேன். 11.20-க்கு இருவரும் டாக்டர் அறைக்குள் போனோம். நான்தான் முதலில் பேசினேன்.

எண் 24. 24-01-2025, வெள்ளி, பிற்பகல் 3.00

நான்கு டயாலிசிஸ். இன்று 1,400 மில்லி சிறுநீர். ஊசி ஏறியதில் ஈறில் இரத்தம் நின்றுவிட்டது. கையில் ஏற்கெனவே குழாய் இருந்ததால் இவனுக்கு மறுக்க வழியில்லை. கல்லை எடுப்பது 03-02-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

உங்கள் ஏரிக்கரை ஊர்களில் மீன் பித்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும், நடந்ததை எழுதித் தாருங்கள் என்று டாக்டர் கலைவாணி கேட்டிருந்தார். இன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இணைப்பு:
1. ஊசிக்கான மருந்துச் சீட்டு, நகல்.
2. பித்து கொடுத்த தேதிகள்: 09, 10, 11.
3. ஜமுனா சொல்லச் சொல்ல எழுதியது, 2 பக்கம். ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.
4. 05-01 மாலை நான் அவளுக்குச் சொன்னது, 1 பக்கம். சொல்லாமல் விட்டது, ஒரு வரி.