இன்னும் நாலு போல்ட்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெக்கை. தண்ணி லாரி வரலை. தம்பி ரவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள். பக்கவாதம். வலது கை அப்படியே. கால் பரவாயில்லை, கோல் பிடிச்சு நாலு அடி. பேச்சு "ஆமா" மட்டும். சாப்பிட்டியாடா? ஆமா. வலிக்குதா? ஆமா. நான் யாரு? ஆமா.

பிசியோவுக்கு அடையாறு. ஆட்டோவில் ஏத்தவே ரெண்டு பேர் வேணும். ஆட்டோக்காரர்: "இன்னாமா, ஊட்ல கார் கீதே, அத்த எடுக்கக் கூடாதா?" அது ஓடாதுன்னு அவருக்கு எங்கே தெரியும்.

ஜூன் 11, புதன்
கார் மேலிருந்த துணியை எடுத்தேன். ஒரு வருஷமா ஞாயிறு தவறாம ரவி இந்த எஞ்சினைப் பிரிச்சுக் கோர்த்தான். கடைசியா மேல உட்கார்ற ஹெட். அதுக்குப் பத்து போல்ட். அதை இறுக்கும்போதுதான் விழுந்தான். நான் மாடியிலிருந்து கத்திட்டிருந்தேன், காபி ஆறுது, எண்ணெய்க் கையோட வராதேன்னு. "இரு அக்கா, இன்னும் நாலுதான்." அவன் கடைசியா பேசினது.

ஆறு போல்ட் தலையில் மஞ்சள் பெயின்ட் கோடு. நாலில் இல்லை. பத்தையும் மூணு சுத்தா, ஒவ்வொரு சுத்திலும் கொஞ்சம் கூட்டி இறுக்கணும்னு அவன் நோட்டில் இருக்கு. இறுக்கினதுக்கு அடையாளமா போட்ட இந்தக் கோடு எந்தச் சுத்துக்கு?

ஜூன் 12, வியாழன்
மெக்கானிக் வந்தார். "மீதி நாலையும் டைட் குடுத்துட்டா முடிஞ்சுதுக்கா. கையே சொல்லும்." வேண்டாம்னேன். ஒண்ணு கூட, ஒண்ணு குறைய இருந்தா ஹெட் கோணிக்கும், தண்ணி ஆயில்ல கலக்கும். நோட்டில் அப்படித்தான்.

ரவியைக் கீழே கூட்டிப்போய்க் கேட்டேன். முதல் சுத்தாடா? ஆமா. ரெண்டாவதா? ஆமா. தான் சொன்னது தப்புன்னு அவனுக்கே கேட்டிருக்கு. கண்ணை மூடிக்கிட்டான். இனி கேட்கக் கூடாது.

ஜூன் 14, சனி
ஒரே வழி, எல்லாத்தையும் கழட்டறது. நோட்டில் சிவப்பு மை: ஒரு தடவை இழுபட்ட போல்ட் திரும்ப ஆகாது. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்டும்.
ஜி.பி. ரோடு: புது போல்ட் 10, கேஸ்கட் 1.
பாண்டி பஜார்: ரவிக்கு எலாஸ்டிக் பேன்ட் 2.

சாயங்காலம் கழட்டினேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமா. மஞ்சள் கோடு வந்ததும் கை நின்னுடுச்சு. வலது கையால் அவன் செஞ்ச கடைசி வேலை. கழட்டிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
மேகம். மழை இல்லை. போல்ட் ஓட்டையெல்லாம் துடைச்சேன். உள்ளே எண்ணெய் தேங்கினா அளவு தப்பாயிடும். புது கேஸ்கட் வெச்சு ஹெட்டை உட்கார வெச்சு, புது போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, குறுக்கு குறுக்கா இறுக்கினேன். அளவு வெச்ச ரென்ச்சில் முதல் சுத்து 20. அடுத்தது 40. ரென்ச் டக்குன்னதும் நிறுத்தணும், ஆசைக்குக் கூட ஒரு இழு கிடையாது. மூணாவது, இன்னும் கால் வட்டம் திருப்பு. முழு உடம்பையும் கொடுத்தேன்.

ரவி பக்கத்தில் சேர் போட்டு. ஒவ்வொண்ணா நான் முடிக்க, இடது கையால் அவன் கோடு போட்டான். கோணல் கோடு. ஒண்ணு ரேடியேட்டர் மேல போச்சு. ரெண்டு பேரும் அழலை.

ஜூன் 20, வெள்ளி
பெல்ட், மத்ததெல்லாம் மெக்கானிக் போட்டார். எஞ்சின் நாலாவது தடவை பிடிச்சுது. அரை மணி ஓடவிட்டு ஆயில் பார்த்தோம். சுத்தம். "ரவி சாருக்கு மேலக்கா நீ," என்றார். மேலே வந்து பாத்ரூமில் அழுதேன்.

டாக்டர் போன். வலது கை இனி சரியாகாது. வண்டி ஓட்ட முடியாது. ரவிகிட்ட சொல்லலை.

ஜூன் 23, திங்கள்
பிசியோ. முதல் தடவை காரில். கீழே வந்ததும் ரவி நேரா டிரைவர் பக்கம் போயிட்டான். கோலைக் கதவில் சாய்ச்சுட்டு, இடது கையால் கைப்பிடியைப் பிடிச்சான். இழுக்கலை. நான் சாவியோட நின்னேன். "ரவி"ன்னேன். வாட்ச்மேன் வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஒரு நிமிஷம் இருக்கும். கையை எடுத்தான். கோலை ஊன்றி, பானெட்டைச் சுத்திக்கிட்டு, அந்தப் பக்கம் போய் நின்னான். கதவைத் திறந்து உட்கார வெச்சேன். பெல்ட் மாட்டிவிட்டேன். அடையாறு பாலம் தாண்டற வரைக்கும் முகத்தை என் பக்கம் திருப்பலை.