சறுக்குமரத்தில் படித்த கணக்கு

இன்று காலை டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் பூங்காவில் சறுக்குமரத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான் கட்டுவதற்காகத்தான் ஊருக்கு வந்திருக்கிறேன். அட்டைப்பெட்டி வாங்கக் கிளம்பியவள், அந்தப் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். "தொடாதீங்கம்மா, ஈரமா இருக்கு" என்றார் பெயிண்டர். ப்ளஸ் டூ படித்த அந்தத் தையும் மாசியும் முழுக்க அதன் உச்சியில் நீ உட்கார்ந்திருந்தாய் என்று அவரிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவருக்கு எதற்கு அது? உன்னிடமே சொல்கிறேன்.

நீ முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். உன் அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பாய்; அந்த எண்ணெயின் கறை உன் விரல் நுனிகளில் கறுத்துக் கிடக்கும். நான் அதே மைன்ஸில் பெர்மனன்ட் தொழிலாளியின் மகள், வகுப்பில் முதல் ரேங்க். ஒரே பெஞ்சில் இருந்தும் நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அரையாண்டுத் தேர்வில் நீ கணக்கில் ஃபெயில் ஆனாய். தலைமையாசிரியை உன் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அட்டெண்டன்ஸை வைத்துவிட்டு வர உள்ளே போன நான் அப்படியே ஓரமாக நின்றேன். "இவ தனித்தேர்வரா எழுதட்டுங்க. ஒரு பொண்ணால எங்க ரிசல்ட் கெட்டுடக் கூடாது" என்றார் அவர். உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்குப் பின்னால் நின்றிருந்த நீ பேசினாய்.

"மேடம், எனக்குப் புரியலன்னுதான் சொன்னேன். படிக்க மாட்டேன்னு சொல்லல."

அந்த அறையில் யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, "நான் சொல்லித் தரேன் மேடம்" என்றேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிவிஷன் டெஸ்ட்ல பாஸ் பண்ணட்டும். இல்லன்னா அப்பா வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்."

வெளியே வந்ததும், "ஏன்டீ அப்டி சொன்ன?" என்று கேட்டாய்.

"தெரியலடீ."

"சரி. இன்னிக்கே ஆரம்பி."

வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டே இருந்தா உன் படிப்ப யாரு படிக்கிறது?" என்றார். அதோடு அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் குரல் எழுப்ப முடியாது. அதனால்தான் பூங்காவுக்குப் போனோம்.

முதல் நாள் வகைக்கெழுவை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சூத்திரம், படிகள், விடை. நீ சறுக்குமரத்தின் மேலே உட்கார்ந்து கேட்டாய். கடைசியில், "எல்லாம் சரி. எதுக்கு இத கண்டுபுடிக்கறோம்?" என்றாய்.

"அப்படித்தான் கேட்டிருக்காங்க."

"அவங்க கேக்கறாங்க, சரி. இது என்னாது?"

நான் மறுபடியும் சூத்திரத்திலிருந்தே ஆரம்பித்தேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். "அய்யய்யோ, ஒனக்கும் தெரியாதா!" என்றாய். உன் முகத்தில் கேலி இல்லை. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் இருந்தது.

அன்று புத்தகத்தை முதலிலிருந்து இருவருமாகப் படித்தோம். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சறுக்கி வந்து பாதி வழியில் காலை ஊன்றி நின்றாய். "இங்க பாரு, இந்த எடத்துல நல்லா செங்குத்தா எறங்குது. கீழ போகப் போகப் படுத்துக்கினே போவுது. ஒவ்வொரு எடத்துலயும் எவ்ளோ சரிவுன்னு சொல்றதுதானா இது?" நான் புத்தகத்தைப் பார்த்தேன், சறுக்குமரத்தைப் பார்த்தேன். அதுவேதான். அத்தனை காலம் முழு மார்க் வாங்கிக்கொண்டிருந்த ஒன்று என்னவென்று அந்தச் சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ எதையும் சும்மா விடவில்லை. நான் ஒரு படியைத் தாண்டினால் "நில்லுடீ" என்பாய். நீள்வட்டத்தைச் சுழற்றினால் வரும் உருவத்தின் கன அளவு என்று ஒரு கணக்கு. அதை நான் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "பலாப்பழம்டீ இது!" என்றாய் நீ. "வட்டம் வட்டமா அறுத்துக்கினே போனா, ஒவ்வொரு வட்டமும் ஒரு சில்லு. எல்லாத்தையும் கூட்டுனா முழுப் பழம். அவ்ளோதான?" அவ்வளவேதான்.

வேதியியல் செய்முறையில் நிலைமை தலைகீழ். சொட்டுச் சொட்டாக விட வேண்டிய பியூரெட் குழாயை நான் திறந்தாலே ஒரு சொட்டுக்குப் பதில் பத்துச் சொட்டு விழுந்து நிறம் அளவு மீறி ஏறிவிடும். உன் கைகள் கத்தியும் கொட்டையும் பழகியவை. "கையப் பாக்காத, சொட்டப் பாரு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பழக்கினாய்.

ரிவிஷன் டெஸ்டில் நீ பாஸ். நூலிழையில்தான், ஆனால் பாஸ். தலைமையாசிரியை விடைத்தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "போ, எழுது" என்றார். நீ வராந்தாவில் என்னைத் தூக்கிச் சுற்றியதில் என் செருப்பு ஒன்று தோட்டத்தில் போய் விழுந்தது.

பொதுத்தேர்வில் கணக்குத் தாளைப் பிரித்ததும் ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பாதிக் கேள்விகள் திருகிக் கேட்கப்பட்டிருந்தன. நான் மனப்பாடம் செய்த அதே நீள்வட்டக் கணக்கு, ஆனால் நுனியை வெட்டி எடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். பழைய நானாக இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். பழத்தை எதுவரை அறுக்க வேண்டும் என்று மட்டும் யோசித்தேன். விடை வந்தது.

வெளியே மரத்தடியில் பலர் தேம்பிக்கொண்டிருந்தார்கள். நீ தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாய்: "பழத்த அறுத்தியாடீ?"

"அறுத்துட்டேன்டீ!"

அழுதுகொண்டிருந்தவர்கள் நம்மைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பள்ளியில் கணக்கில் நான்தான் முதல். நீ பாஸ் மட்டுமில்லை, வகுப்பில் பாதிப் பேருக்கு மேலே நின்றாய். ரிசல்ட் வந்த அன்று மதியம் உன் அப்பா மோட்டார் சைக்கிளில் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கட்டிக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நைட் ஷிஃப்ட் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த என் அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். என் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிவாள்மணையோடு உட்கார, நீ "நீளவாக்குல வேணாம்மா, குறுக்க அறுங்க, குறுக்க!" என்று கத்தினாய். "எந்த ஊர்லடீ இப்படி அறுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே அம்மா நீ சொன்னபடிதான் அறுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவகிட்ட நீ படிச்சது நல்லதாப் போச்சு" என்றார். யார் யாரிடம் படித்தது என்று அம்மா சரியாகத்தான் சொன்னார்.

நீ கணக்கையே எடுத்துப் படித்து, காடாம்புலியூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாய். அந்தத் தலைமையாசிரியைக்குப் போன் செய்து அதைச் சொன்னாயாமே! போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை, மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு கணக்கோடு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

போன மாதம் கோயம்புத்தூரில் என் ஆபீசில் ஒரு பாலத்தின் வடிவமைப்பை மேலாளர் போர்டில் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஓரிடம் பிடிபடவில்லை. எழுந்து, "சார், எனக்குப் புரியல" என்றேன். எனக்கு மட்டுமே தெரியவில்லை என்பதுபோல் அறையே திரும்பிப் பார்த்தது. அவர் பொறுமையாக மறுபடி தொடங்கினார். பாதியில் நின்றார். போர்டில் ஒரு வரியை விரலால் மறுபடி கூட்டிப் பார்த்தார். பிறகு தான் போட்ட சுமைக் கணக்கைத் தானே அழித்துவிட்டு, "நல்ல வேளை கேட்டீங்க" என்றார்.

அதற்குள் தலையாட்டிய அத்தனை பேரும் அவசரமாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்தேன். அடியேய், அப்போது எனக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.