இந்த வாரம் வலை என் வீட்டில்

பால்கனிக் கம்பியில் இரண்டு கோல் வலைகள் காய்கின்றன. ஈர நைலானும் நந்தனத்து மண்ணும் கலந்த வாடை கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் போய்விட்டது. நீ 'தங்கச்சி, தங்கச்சி' என்று கூப்பிட்டுக் காபி வாங்கிக் குடிப்பாயே, என் மனைவி, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "மயிலாப்பூர்ல எல்லார் வீட்லயும் துணி காயுது, நம்ம வீட்ல கிரவுண்டே காயுது" என்றாள். ஆனால் எடு என்று சொல்லவில்லை. இது உன் வாடை என்று அவளுக்கும் தெரியும்.

நம் கால்பந்து கிளப்பில் நீ வைத்த சட்டங்களில் மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். ஜெயித்த கோலை அடித்தவன் வலை மூட்டையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். அலச வேண்டும், கிழிசலைத் தைக்க வேண்டும், அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்து தன் கையாலேயே கம்பத்தில் கட்ட வேண்டும். "மாலை போட்டா கழுத்து வீங்கும் மச்சி. மூட்டையைக் குடுத்தா தோள்தான் வலிக்கும்" என்பாய். நான் கிளப்பின் காகித வேலைக்காரன். ஆடிய காலத்திலும் பந்து என் காலைப் பார்த்தால் வேறு பக்கம் போகும். "உனக்கு வலை தூக்குற யோகமே இல்ல" என்று நாற்பது வருடம் கேலி செய்தாய்.

கடைசி இரண்டு பருவமாக அந்த மூட்டை பெரும்பாலும் கொட்டிவாக்கத்துக்குத்தான் போனது. லோகு வந்த பிறகு வேறு யார் அடித்தார்கள்? கடற்கரை ஓரத்துப் பையன், அப்பா படகுக்காரர். கிழிசலுக்கு அவன் முடிச்சுப் போட்டால் எங்கே கிழிந்தது என்றே தெரியாது. வலையில் ஒரே ஒரு அசிங்கமான முடிச்சு மட்டும் இன்னும் இருக்கிறது. எப்போதோ அவசரத்துக்கு நீ துணிக்கொடிக் கயிற்றை வெட்டிக் கட்டிய மஞ்சள் முடிச்சு. எல்லாவற்றையும் சரிசெய்தவன் அதைத் தொடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, லோகுவின் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறதே, என்னடா செய்யலாம் என்று கேட்டேன். "அது பெரிய பேச்சு மச்சி, அப்புறம் பேசலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். அப்புறம் பேசவில்லை. பதினோரு பேரின் பெயரை எழுதும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

போன வாரம் வெளிமாநிலத்துப் பெரிய கிளப் ஒன்று லோகுவைக் கேட்டு ஆள் அனுப்பியது. அவர்கள் தரும் தொகை இருந்தால் மைதான வாடகைக்கும் சின்னப் பையன்கள் அணிக்கும் அடுத்த பருவம் வரை கவலையில்லை. ஆனால் ஆட்டக்காரர் மாற்றத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு கெடு. அதைத் தாண்டினால் அவன் கோடை வரை நம்மோடு இருப்பான், பிறகு கையை வீசிக்கொண்டு போவான், நமக்குக் காலணா வராது. விற்றாலோ, மிச்சமிருக்கும் ஆட்டங்களில் கோல் அடிக்க ஆளில்லை. நமக்கு நேர் கீழே நிற்கும் அணியோடு அதே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதில் தோற்றால் கீழ் டிவிஷனுக்குச் சறுக்குவதைத் தடுக்க முடியாது.

தி.நகரில், கிளப் தலைவர் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை மாடியில், புடவைக் கட்டுகளுக்கு நடுவில் பேசினோம். கீழே ரங்கநாதன் தெரு இரைந்துகொண்டிருந்தது.

"சரக்குக்கு ஒரு பருவம் உண்டு சார்" என்றார் அண்ணாச்சி. "தீபாவளிச் சேலைய தீபாவளிக்கு முந்தியே தள்ளிரணும். மறுநாளும் அதே சேலை, அதே ஜரிகைதான். கேக்க நாதி இருக்காது, பாத்துக்கிடுங்க."

"அவன் சேலை இல்ல அண்ணாச்சி."

"தெரியும். அதான் பயந்து சொல்லுதேன். சேலைக்குக் கால் முளைச்சு நடந்து போவாது. இவன் போயிருவான்."

கமிட்டியில் பாதிப் பேர், நீ இருந்தால் விற்றிருப்பாய் என்றார்கள். மீதிப் பேர், நீ இருந்தால் விற்றிருக்கவே மாட்டாய் என்றார்கள். செத்தவன் வாயில் ஆளாளுக்கு வார்த்தையைத் திணித்தார்கள். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விற்கலாம் என்றேன்.

வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடக் கூடாது, காலில் கீறல் பட்டாலும் பேச்சு ரத்து. அண்ணாச்சி ஒரு படி மேலே போனார். மைதானத்தில் கண்ணால் கண்டால் பையனுக்குக் கால் துறுதுறுக்கும், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நானே போன் செய்து வர வேண்டாம் என்றேன். "சரி சார்" என்று மட்டும் சொன்னான்.

நாம் எவ்வளவு பெரிய புத்திசாலிகள் என்பது ஞாயிறு மதியம் நந்தனத்தில்தான் தெரிந்தது. இரண்டு அணியும் வந்தாயிற்று, நடுவர் விசிலோடு நிற்கிறார், இரண்டு பக்கமும் மொட்டைக் கம்பம். அந்த மைதானத்தில் கம்பம் மட்டும்தான் மைதானக்காரர்களுடையது, வலை நம்முடையது. போன ஆட்டத்தின் கோலை அடித்தவன் லோகு. வலை மூட்டை அவன் வீட்டில்.

"கொஞ்ச நேரம் பாப்பேன் சார். வலை வரலன்னா அவங்க ஜெயிச்சதா எழுதிடுவேன்" என்றார் நடுவர். எதிரணிப் பையன்கள் சிரித்தார்கள். போன் போட்டேன்.

"வலை என்னாண்டதான் கீது சார். நீங்க கேப்பீங்கன்னு மூட்டையக் கட்டி வச்சிக்கினு குந்தினு கீறேன்."

"ஆட்டோல ஏத்தி விட்டுருடா" என்றேன். அண்ணாச்சி பக்கத்திலிருந்து எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லச் சொன்னது அது.

"அது மட்டும் முடியாது சார். அடிச்சவன்தான் எத்தினு வந்து கட்டணும். கோச் சொன்னது." அவன் கோச் என்றது உன்னை.

அடையாறு பாலத்தில் நெரிசல், மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் எல்லாம் தடுப்பு. அந்தக் காத்திருப்பில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன். கடைசியில் பைக்கில் கால்களுக்கு நடுவே மூட்டையை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். யாரோடும் பேசாமல் இரண்டு பக்கமும் கட்டினான். கட்டி முடித்து நேராக என்னிடம் வந்து, பையிலிருந்து பூட்ஸை எடுத்துக் கீழே வைத்தான்.

"உன்னை வித்தாச்சுடா. போய் உக்காரு."

"வித்துட்டீங்களா, விக்கப் போறீங்களா?"

"சாயங்காலம் கையெழுத்து."

"அப்ப சாயங்காலம் வரிக்கும் நா உங்க ஆளுதானே?" என்றான். "போறதுக்கு ஆசை கீது சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா பசங்கள தோக்க விட்டுட்டு, ஓடிப்போறவன் மாரி போக மாட்டேன்."

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், வேண்டாம். எல்லாம் போயிரும்."

அண்ணாச்சி தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "உங்க கடையில என்னைக்காவது சேலையை விரிச்சுக் காட்டாம வித்திருக்கீங்களா?"

"விரிச்ச சேலை கிழிஞ்சா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய கிளப்பின் ஆளிடம் போய், அவன் ஆடுகிறான் என்றேன். ஆடுவது உங்கள் பொறுப்பு, கீறல் பட்டால் நாங்கள் கிளம்பிவிடுவோம் என்று அவர் திரும்பவும் சொன்னார். தாளில் ஒரு பெயரை அடித்து லோகுவின் பெயரை எழுதினேன். அண்ணாச்சி பார்க்கத் தைரியமில்லாமல் காரில் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதல் பாதி முழுக்க அவன் காலைத்தான் குறிவைத்தார்கள். ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து சாய்க்க, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். மைதான வாடகை, சின்னப் பையன்கள், அவன் வாழ்க்கை, எல்லாம் அந்தப் புல்லில் கிடப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. என்னால் ஓடக்கூட முடியவில்லை. அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான், எழுந்தான், ஓடினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயதான காலத்தில் கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்தேன்.

கோல் இரண்டாவது பாதியில் வந்தது. மூன்று பேருக்கு நடுவிலிருந்து இடதுகாலால் அடித்தான். பந்து வலையில் மோதியபோது உன் மஞ்சள் முடிச்சு மேலும் கீழும் ஆடியது. அதை நான் பார்த்தேன். அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது.

சாயங்காலம் கடை மாடியில் கையெழுத்தானது. அண்ணாச்சி அவனுக்குப் பட்டு வேட்டி கொடுத்தார். அவன் படியிறங்கும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மூட்டையை என் தோளில் ஏற்றினான்.

"அடிச்சவன் எத்தினு போணும். நா காலைல ஊருக்குப் போறேன். அதான் உங்களாண்ட. மஞ்சக் கயித்த மட்டும் அவுத்துடாதீங்க சார்."

விற்றது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவேளை நாம் கீழ் டிவிஷனுக்கே போகலாம், அப்போது கமிட்டியில் பாதிப் பேர் மறுபடியும் உன் பெயரைச் சொல்லி என்னைத் திட்டுவார்கள். நீயும் அன்றைக்குத் தெரியாமல்தான் திரும்பிப் படுத்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. என் கோபம் அதில் கொஞ்சம் குறைந்தது.

அண்ணாச்சி புது வலை வாங்கித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இன்று காலையில் வாளித் தண்ணீரில் அலசினேன். ஒரு கிழிசல் இருந்தது. லோகு மாதிரி முடிச்சுப் போட எனக்குத் தெரியாது. துணிக்கொடியிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை வெட்டி, உன் முடிச்சுக்குப் பக்கத்திலேயே கட்டினேன். உன்னுடையதைவிட அசிங்கமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். தோள் இப்போதே வலிக்கிறது மச்சி.