பாதி ஹார்டனரும் முழுப் பழியும்

இன்று காலை காரியாபட்டியில், உங்கள் தங்கை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஹார்டனர் டப்பாவைத் திறந்தேன். முகமூடி போடும் முன்பே திறந்துவிட்டேன், என் தப்புதான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. அழுகை வந்ததா என்று கேட்காதீர்கள். எரிச்சல்தான் வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் இதே அடுப்படியில் இதே வேலையைத்தான் செய்தோம். பட்டாசு ஆபீசில் மாடாக உழைத்து உங்கள் தங்கை கட்டிய வீடு. சுவரோடு சுவராக, தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசாரி லேக்கர் போதும் என்றார். பார்த்தவுடன் பளபளப்பு, சீக்கிரம் காயும், வேலை முடிந்தது. நான்தான் மாட்டேன் என்றேன். எண்ணெயும் ஆவியும் மஞ்சளும் புழங்கும் இடம், இரண்டு டப்பா சேர்த்துக் கலக்கும் பி.யூ. பெயிண்டுதான் நிற்கும் என்றேன். நீங்கள் உடனே தலையாட்டினீர்கள். நான் சொன்னது புரிந்து அல்ல. 'பி.யூ. அடிக்கிறேன்' என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது.

இரண்டு டப்பாவில் ஒன்று நிறம், இன்னொன்று ஹார்டனர். அளவாகக் கலந்தால் கல்லாக இறுகும். குறைத்தால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே என்றைக்கும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். டப்பாவின் மேலேயே எழுதியிருந்தது. படிக்கிற பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே.

ஹார்டனரில் பாதியை விருதுநகர் வேலையில் தீர்த்துவிட்டு வந்திருந்தீர்கள். கடைக்குப் போக ஒரு பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். நானே போய் வாங்கி வருகிறேன் என்றேன். அதற்குள் வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் நெருங்கிவிட்டது என்று ஒரு சாக்கு. பிறகு அந்தப் பொன்மொழி:

"ஹார்டனர் அம்புட்டு எதுக்குடி? நம்ம ஊரு வெயிலே பாதி ஹார்டனர்தான்."

பெயிண்ட் அடிக்கிற கன்னைக் கையில் பிடிக்கும் முன், எம். புதுப்பட்டி பட்டாசு ஆபீசில் காயப்போடுகிற களத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். இந்த வியாதி உங்களுக்கு மட்டும் என்று சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் காய்ந்தால் வேலை முடிந்தது. தீக்குச்சி, திரி, அச்சடித்த தாள், எல்லாவற்றுக்கும் வானத்தைப் பார்ப்போம், டப்பாவைப் பார்க்கமாட்டோம். ஆனால் அதே ஆபீசில் திரி வெட்டியவள் நான். அங்கே மருந்தைக் கண்ணளவில் கூட்டவோ குறைக்கவோ ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. நீங்கள் களத்து வெயிலை மட்டும் கொண்டுவந்தீர்கள், அளவை அந்த வாசலிலேயே விட்டுவிட்டீர்கள்.

மொட்டை மாடியில் நான் கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கலப்பதைப் பார்த்தேன். குறைச்சலாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். உன் வேலையைப் பார் என்றீர்கள். அரை மணியில் கதவு காய்ந்தது. நகத்தால் தட்டித் தங்கையிடம் காட்டினீர்கள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

இரண்டே மாதம். தட்டு வைத்த இடத்தில் தட்டின் வட்டம் பதிந்தது. மஞ்சள் கறை எதற்கும் போகவில்லை. கதவைச் சாத்தினால் ஒட்டிக்கொண்டது, இழுத்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது.

அவள் பிள்ளை காதுகுத்துக்குப் போனோமே, அன்றைக்கு உங்கள் சித்தி முதல் சொந்தக்காரர் அத்தனை பேரும் இருந்தார்கள். என்ன அண்ணே இப்படி ஆகிவிட்டது என்று உங்கள் தங்கை நேராகக் கேட்டாள். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "இவதான் கலந்தா. அளவு தெரியாம ஊத்திட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அதுவும் நான் பரிமாறிய சோற்றில். பத்துப் பேர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க வேண்டாம் என்று விட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் சொந்தத்தில் எனக்கு 'அளவு தெரியாதவ' என்று பெயர். விசேஷ வீடுகளில் என்னை உப்புப் போட விடமாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் சித்தி என் கையிலிருந்த உப்புக் கிண்ணத்தை வாங்கி அந்தப் பக்கம் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பெயரை என்றைக்காவது துடைத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர உங்கள் குடும்பத்தில் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

நெஞ்சுவலியில் நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கன்னை நான் எடுத்துக்கொண்டேன். ஆச்சரியப்பட வேண்டாம். தேய்த்தது, பூசியது, ஒட்டியது, கழுவியது எல்லாம் அப்போதும் நான்தான், நீங்கள் விசையை அமுக்கினீர்கள். ஆனைக்குட்டம் வரைக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். எந்த வீடானாலும் அவர்கள் அலமாரிக்கு வாங்கிய அதே பிளைவுட்டில் நாலு துண்டு வெட்டி, நாலு விதப் பெயிண்ட் அடித்து, இரண்டு வாரம் விட்டுவிடுவேன். பிறகு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுவேன், புளித்தண்ணீர் ஊற்றுவேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை வைப்பேன். வீட்டுக்காரி தன் கையால் துடைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். வாயால் பெயிண்ட் அடிக்கிற பழக்கம் உங்களோடு போயிற்று.

போன மாதம் உங்கள் தங்கை போன் செய்தாள். மதினி, நீங்களே வந்து அடித்துக் கொடுங்கள் என்றாள். வந்தேன். உங்கள் கைங்கரியத்தைச் சுரண்டி எடுக்கவே நாலு நாள் ஆயிற்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே பிசின் போல இருந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினாள். நாலு துண்டையும் துடைத்துப் பார்த்து இரண்டு டப்பா பெயிண்டையே எடுத்தாள். முதல் பூச்சு நேற்று முடிந்தது.

இன்று கடைசிப் பூச்சுக்கு அளவுக் குவளையில் கோடு வரைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு அண்ணன்தான மதினி கலந்தாக. காப்பி கொண்டாந்தப்ப மாடியில பாத்தேன்."

"பாத்தியா? பெறகு அவரு என் மேல பழி போட்டப்ப எதுக்குச் சும்மா இருந்த?"

"அத்தன பேரு முன்னால அண்ணனப் பொய்யன்னு எப்படி மதினி சொல்ல? நீங்கன்னா பொறுத்துக்கிடுவீக."

கன்னைக் கீழே வைத்துவிட்டேன். சித்திக்குப் போன் போடு, இதையே அவரிடம் சொல், பிறகு அடிக்கிறேன் என்றேன். கலந்த பெயிண்ட் இந்த வெக்கையில் அதிக நேரம் தாங்காது, அப்புறம் குப்பைதான். அது அவளுக்கும் தெரியும். குவளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணன்தான் கலந்தாக, மதினி மேல் தப்பே இல்லை என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

சித்தி கொட்டாவி விட்டார். "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான தாயி. அவன் புத்தி நமக்குத் தெரியாதா? இம்புட்டு நாள் கழிச்சு இப்ப எதுக்கு அது?"

நான் முகமூடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பூச்சை அடித்து முடித்தேன். ஒரு வழிசல் இல்லை, ஒரு திட்டு இல்லை. ஒரு வாரத்துக்குப் பாத்திரம் அடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மாடிக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் கன்னும் கம்ப்ரசரும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் மேலுள்ள கோபமும் இருக்கிறது, அதை இறக்கி வைக்கிற உத்தேசம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு, ஊர் முன்னால் உங்கள் மானத்தை நான் ஒருத்திதான் காப்பாற்றினேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. சித்தி ஒரு கொட்டாவியில் அதையும் எடுத்துக்கொண்டார். காப்பாற்ற உங்களிடம் மானமே இருந்ததில்லையாம். அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.