காரம் குறைத்த மிளகாய்த்தூள்

சிலிம் ரிவர் ரப்பர் தோட்டம்
1926, தை மாதம்

கடல் தாண்டி இருக்கும் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. லயத்துப் பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். தோட்டத்துத் துரை வேலை மாறிப் போனபோது சமையலுக்கென்று உங்களைக் கூட்டிப்போன மான்செராட் தீவைப் பற்றி இப்போது இங்கே எல்லாருக்கும் தெரியும். மலை கந்தகப் புகை விடுகிறதாம். சனங்கள் கறுப்பர்கள், பருத்தியும் எலுமிச்சையும் பயிரிடுகிறார்களாம். கவர்னர் வேறொரு தீவில் உட்கார்ந்துகொண்டு அதையும் ஆள்கிறாராம்.

"இம்புட்டும் எழுதியிருக்காரே, உங்க வீட்டுக்காரரு எப்ப வாராருன்னு எழுதலையாக்கா?" என்று கருப்பம்மாள் கேட்டாள்.

"அடுத்த கடுதாசியில எழுதுவாரு" என்றேன்.

மழைக்கு வீட்டு அடுப்பு புகைகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. துரை பங்களாவில் சமைத்து, அங்கேயே படுத்துக்கொள்கிறவருக்கு வீட்டு அடுப்பு ஏது என்று கேட்டிருப்பார்கள்.

பால் வெட்டிவிட்டு வந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. சண்டை போடத் தெம்பில்லை.

மிளகாய்த்தூள் கேட்டிருந்தீர்கள், அதுவும் காரம் குறைத்து. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தவர் நீங்கள். துரையோ நம் தூளைத் தொடவே மாட்டார்.

விதையை உதிர்த்துவிட்டு, மல்லியைக் கூடப் போட்டு இடித்து அனுப்பியிருக்கிறேன். சோற்றில் கொஞ்சமாகப் பிசைந்து ஊட்டச் சொல்லுங்கள். பிள்ளை கண்ணைக் கசக்கினாலும் எரியாது.

இப்படிக்கு,
இங்கே இருப்பவள்