செம்புத் தோல்

நாள் 412, காலை 6.10. சமையல்கூடம்

சொல்வது இசக்கியம்மாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது, மேட்டு வானொலிக் கம்பம் அதைப் பூமிக்கு அனுப்புகிறது. காற்று இயந்திரம் சரி. தண்ணீர் சரி. பட்டியிலிருந்து தப்பிப் பெருகிய பன்றிகள் மரவள்ளியில் மறுபடி இறங்கின. மகள் பேச்சி ஒன்றைச் சுட்டாள். குண்டு பாய்ந்த இடத்துப் புண்கறி, சுட்டவர் வீட்டுக்கு மரியாதை. அவள் அப்பா இருந்தவரை அவர்தான் சுடுவார், அவருக்காக வந்தது. கை நடுங்கி, வயிறு முறுக்கி, கடைசியில் என் பெயரும் மறந்து போய்ச் சேர்ந்தார். புது மண்ணின் காய்ச்சல் என்றார்கள். அவர் தட்டை இன்னும் கழுவி வைக்கிறேன்.

நாள் 412, மதியம் 12.40

கறியில் கத்தி தட்டியது. குண்டு. முழுச்செம்பு, உடையாது, கறியில் கலக்காது என்று சொல்லித்தான் ஸ்டோர் தவசிக்கண் கொடுக்கிறார். இது விரிந்து, பாதி காணாமல் போயிருந்தது. மீதி எங்கே? இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். செம்பு என் அடுப்புக்கு அசையாது. மேல்தோல் நின்றது. உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒழுகியது. என் அப்பா வீச்சுவலைக்கு ஈயம் உருக்கியதைப் பார்த்தவள் நான்.

எலும்பு பார்க்கும் எக்ஸ்ரே பெட்டியில் மிச்சக் கறியை வைத்தேன். கடுகு வெடித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். புண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளியும் ஈயம். பேச்சியின் அப்பா தின்றது இதைத்தான்.

நாள் 413, மதியம் 1.00

தவசிக்கண் எப்போதும் பின்தொடைதான் கேட்பார். புண்கறி கொடுத்தாலும் வாங்கமாட்டார். ஏன்? வானொலியில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

“சாப்பிட வாங்க. இன்னைக்குப் புண்கறி, தொடைக்கறி எல்லாம் ஒரே சட்டிதான்.”

“மைனி, எனக்கு இன்னைக்கு விரதம்” என்றார் தவசிக்கண்.

“காலையில தொடை கேட்ட வாயி, மத்தியானம் விரதமா? எந்தச் சாமிக்குவே?” என்றார் உழவு பார்க்கும் கொம்பையா.

எல்லோரும் சிரித்தார்கள். சட்டியில் வெறும் மரவள்ளிதான் இருந்தது.

நாள் 413, மாலை 4.15

தனி அலைவரிசையில் கேட்டேன்.

“தெரிஞ்சேதான் குடுத்தீரா கொழுந்தனாரே?”

“செம்பெல்லாம் காத்து மிஷினுக்குப் போயிட்டு மைனி. ஈயத்துல வார்த்து மேல செம்பு போத்துனேன். சுடாம விட்டா பன்னி நம்மளப் பட்டினி போட்டுரும். புண்கறி ஒரு வீட்டுக்குத்தான போவுது... ஒரு வீட்டோட போயிரும்னு நினைச்சேன்.”

அலைவரிசையை அணைத்தேன். அந்த ஒரு வீடு என் வீடு.

நாள் 414, காலை 9.30

வயலிலிருந்து பேச்சி.

“யம்மா, குறி ஆடுது. தூக்கம் பத்தல, வேற ஒண்ணுமில்ல.”

“ஏட்டி, அந்தக் குண்டத் தொடாத. கறியத் தின்னாத.”

“அப்ப பன்னியக் கும்பிட்டு அனுப்பவா? முழுச்செம்புக் கம்பி இருந்தாக் கொண்டா. லேத்துல நானே குண்டு கடைஞ்சுக்கிடுதேன்.”

அப்படி ஒரு கம்பி ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பூமியோடு பேசும் கம்பத்தின் நடுவே, பெருவிரல் பருமனில்.

நாள் 414, மாலை 5.50. கம்பத்து மேடு

ரம்பம் இறங்குகிறது. தவசிக்கண் கூப்பிடுகிறார்.

“மைனி, கீழ வாங்க. அத அறுத்தா நாம இருக்கதே பூமியிலருந்து வர்ற கப்பலுக்குத் தெரியாது. வராமலே போயிரும்.”

மெய்யாக இருக்கலாம். அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அடுப்பில் காட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. கப்பலுக்குக் காத்திருந்தால், அது வரும்வரை பேச்சிக்கு ஈயம்.

கேட்கிறவர்களுக்கு: குண்டின் நிறத்தை நம்பாதீர்கள், வெட்டிப் பாருங்கள். உடம்பிலிருந்து ஈயத்தை எடுக்கும் மருந்து இருந்தால் அனுப்புங்கள். பாதிக்கு மேல் அறுந்துவிட்டது. கீழே பேச்சி லேத்தை ஓடவிட்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது. குரல் நின்றுவிட்டதே என்று நாங்கள் செத்துப்போனதாக நினை